பாட்டுக்கு முன் நான் சொன்ன சாட்சி

என் அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அடித்தார் என்று நான் மேடையில் சொன்னேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு, ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னேன். ஒருமுறை அல்ல... ஆறு வருடங்களாகச் சொல்லிவந்தேன்.

நீங்கள் அதைக் கேட்டிருக்கக்கூடும். வரக்காப்பொலையிலோ, றக்வானையிலோ, இரத்தினபுரியிலோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். போனில் வீடியோவாகப் பார்த்திருக்கலாம். பார்த்து அழுதிருக்கலாம். அப்படி அழுதவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

எங்கள் இசைக்குழுவின் பெயர் ‘ஏழாம் சுற்று’. எரிகோ நகரத்தைச் சுற்றி வந்தவர்கள் ஏழாம் சுற்றில் ஆர்ப்பரித்தபோது மதில் இடிந்து விழுந்ததல்லவா, அந்தச் சுற்று. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துச் சபையில் நால்வராகத் தொடங்கினோம். நான் பாடினேன். நிரோஷா டிரம்ஸ் வாசித்தாள். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் பாஸ்டரின் மகன்மார் இருவர். ஆர்மோனியமும் கைத்தட்டலும் போதும் என்றிருந்த சபையில் நாங்கள் ரொக் வாசித்தோம். பெண்பிள்ளை இப்படித் தொண்டை கிழியப் பாடுவதா என்று பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். தேயிலைக் கொழுந்து மலையிலிருந்தும் ரப்பர் மலையிலிருந்தும் வந்த பெண்கள் சுளிக்கவில்லை. அவர்கள் எழுந்து நின்றார்கள்.

மேடையில் என் பெயர் எஸ்தர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். வீட்டில் நான் வசந்தி.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் நான் செய்ததன் அளவு உங்களுக்குப் புரியாது.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. திரும்பி வந்தபோது பன்னிரண்டு முடிந்திருந்தது. அந்த ஐந்து வருடமும், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் நானும் அப்பாவும்தான். அவர் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். போவதற்கு முன் எனக்குத் தலை பின்னிவிடுவார். ஆரம்பத்தில் பின்னல் கோணிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவிடம் போய் உட்கார்ந்து, கயிற்றை மூன்றாகப் பிரித்துப் பின்னிப் பழகிக்கொண்டு வந்தார்.

பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போடுவார். சத்தமாகப் போடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் அதோடு சேர்ந்து பாடுவோம். அவருக்குக் குரல் கிடையாது. எனக்கு இருந்தது. “இன்னும் மேல போ புள்ள, இன்னும் மேல” என்று கையை உயர்த்திக் காட்டுவார். ரேடியோவில் பாடுகிறவளையும் தாண்டி நான் மேலே போய்விட்டால் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

நான் பாடக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சம்பள நாளில் மட்டும் குடிப்பார். குடித்துவிட்டு வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார்; பாயில் சுருண்டு தூங்கிவிடுவார். மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு, “நேத்து நான் ஏதும் சத்தம் போட்டேனா புள்ள?” என்று கேட்பார். “இல்லப்பா, தூங்கிட்டீங்க” என்பேன். அம்மா திரும்பி வந்ததும் அந்தக் குடியையும் விட்டுவிட்டார்.

அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நான் சபைக்குப் போனதைத் தடுக்கவில்லை. நாங்கள் முதன்முதலில் டிரம்ஸ் வாடகைக்கு எடுக்கப் போனபோது அவரும் கூட வந்தார். கடைக்காரச் சிங்கள முதலாளி, தோட்டத்துப் பிள்ளைகளை நம்பிக் கொடுப்பதா என்று தயங்கினார். அப்பா முன்னே போய், “மகே துவ மஹத்தயா, ஹொந்தட்ட சிந்து கியனவா” என்றார். என் மகள் ஐயா, நன்றாகப் பாடுவாள் என்று. அந்தப் பெருமையைப் பார்த்து முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரிய டிரம்மை அப்பாதான் தலையில் வைத்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

அந்த மனிதரைத்தான் நான்...

‘தாழ்ப்பாள்’ என்ற பாட்டை நிரோஷாவும் நானும் சேர்ந்து எழுதினோம். சரியாகச் சொன்னால், அவள் பேசினாள், நான் எழுதினேன். அவளுடைய அப்பா அவளைப் பெல்ட்டால் அடிப்பவர். வெளியே கேட்காமலிருக்க டீவியைச் சத்தமாக வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார். பதினேழு வயதில் ஒருநாள், அவர் பெல்ட்டை ஓங்கியபோது அவள் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துகொண்டு வெளியே ஓடி, சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பவே இல்லை. “தாழ்ப்பாள் உள்பக்கம்தான்டி இருந்துச்சு. அத்தன வருசமும் எனக்கு அது தோணவே இல்ல” என்று அவள் சொன்னாள். அதுதான் பல்லவியாயிற்று.

*தாழ்ப்பாள் உன் பக்கம் தங்கச்சி,*
*கர்த்தர் உன் கையைத் தொட்டார், எழும்பு, திற...*

வரக்காப்பொலையில் ஒரு வாலிபர் கூட்டத்தில் அதை முதன்முதலாக வெளியூர்ச் சனத்துக்குப் பாட இருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். முதல் இரண்டு பாட்டும் எடுபடவில்லை. பாஸ்டர் மேடையோரம் வந்தார்.

“எஸ்தர், இந்தப் பாட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு சனத்துக்குச் சொல்லும்மா. சாட்சி இல்லாம பாட்டு நிக்காது.”

சாட்சி என்றால் தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததைச் சபைமுன் சொல்வது. என் தோழி ஒருத்தி என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். இது உண்மை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருவர் ஏதோ பேசிச் சிரித்தார்கள். தோழியின் கதைக்கு இவர்கள் தலை நிமிர்வார்களா?

“எனக்கு அப்ப எட்டு வயசு” என்றேன்.

மூன்றாவது வரிசைப் பெண் தலை நிமிர்ந்தாள்.

மற்றதெல்லாம் தானாக வந்தது. பெல்ட் வந்தது. சாத்திய கதவு வந்தது. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு அப்பாவை விட்டு ஓடியதும் வந்தது. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் டீவி இல்லை என்பது பேச்சின் நடுவிலேயே ஞாபகம் வர, ‘ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு’ என்று மாற்றிக்கொண்டேன். எவ்வளவு கவனமாகப் பொய் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். அந்த ரேடியோவை. எங்கள் இருவரின் ரேடியோவை.

பிறகு பாடினேன். பெண்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து முன்னால் வந்தார்கள். போனை நோண்டியவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதாள். வெட்கத்தோடு சொல்கிறேன்... எனக்கு அது இனித்தது.

வேனில் டிரம்ஸை ஏற்றும்போது நிரோஷா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அது என் கதைடி.”

நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

“நீ சொன்னப்ப எனக்கு லேசாத்தான் இருந்துச்சு. என் வாயால ஒரு நாளும் சொல்ல ஏலாது” என்றாள். டிரம்மை உள்ளே தள்ளிவிட்டு, “ஆனா ஒங்கப்பா பாவம்டி” என்றாள்.

இனிமேல் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்திலும் சொன்னேன். அதற்கடுத்ததிலும்.

அதனால் நன்மை விளையவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் எனக்குள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். றக்வானையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண், கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனை விட்டு வந்து மூன்று மாதம் என்றாள். “ஒங்க வீடியோவப் பாத்துதாங்க வெளிய வந்தேன். பெத்த அப்பாவையே விட்டு ஒரு புள்ள தைரியமா வந்திருக்கு, எனக்கு என்னன்னு நெனச்சேன்” என்றாள். அவள் கண்ணோரம் அடிபட்ட தழும்பு இருந்தது. இப்படிச் சிலர். அவர்கள் முகங்களை நினைத்துக்கொண்டு, இந்தப் பொய் பொய்யே இல்லை என்று என்னை நம்பவைத்தேன். உண்மையில் நான் நினைத்தது அவர்களையா, என்னைப் பார்த்து எழுந்து நின்ற கூட்டத்தையா? இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வீடியோ எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. பால் நிறுக்கும் இடத்தில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, யாரோ ஒருவன் தன் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறான்.

அன்று மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார். நான் சோறு போட எழுந்தேன். வேண்டாம் என்றார். வாசற்படியில் உட்கார்ந்து, விரல்களில் காய்ந்திருந்த ரப்பர் பாலை ஒவ்வொரு இழையாக உரித்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“வசந்தி” என்றார், தலையைத் தூக்காமல். “நான் ஒன்ன அடிச்சேனா புள்ள?”

நான் சோற்றுப் பானையைத் திரும்ப மூடினேன்.

“குடிச்சிட்டு வந்த நாள்லயா? காலையில எந்திரிச்சா எனக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காது. ஒங்கிட்டதான் கேப்பேன். நீ இல்லம்பியே... பயந்துக்கிட்டா அப்பிடிச் சொன்ன?”

அந்த ஒரு நொடியை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! ‘இல்லப்பா’ என்ற ஒரு சொல் போதும். சொன்னால் வீடியோ பொய்யாகும்; பாட்டு பொய்யாகும்; எஸ்தர் பொய்யாவாள். அடுத்த வாரம் இரத்தினபுரியில் கூட்டம் இருந்தது. என் படம் போட்ட போஸ்டர் சபைக் கதவில் ஒட்டியிருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்பா எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தார். உரித்தும் போகாத பால் ஒட்டியிருந்த அந்தக் கைகளைக் கூப்பினார். “மன்னிச்சிக்க தாயி” என்றார்.

“மன்னிச்சிட்டேன்பா” என்றேன்.

மேடையில் சொன்னதைக்கூட விட்டுவிடுங்கள். இந்த ஒரு சொல்லுக்காக நான் நரகத்துக்குப் போவேன் என்று நினைக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு அவரை மன்னித்தேன்.

அம்மா நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அந்த ஐந்து வருடமும் அவள் இங்கே இல்லையே. ராசம்மா அக்காவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். “அடிச்ச சத்தம் எனக்குக் கேக்கல. ஆனா ரேடியோ சத்தமாத்தான் பாடும்” என்று ராசம்மா அக்கா சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டு வைப்பாளே தவிர, முகம் பார்த்துப் பேசுவதில்லை. ரேடியோவைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அப்பா ஞானஸ்நானம் எடுத்தார். நான் கேட்கவில்லை; தானாகவே பாஸ்டரிடம் போயிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பாஸ்டர் அவரை மேடைக்கு அழைத்தார். “மகளை அடிச்ச கை, இன்னைக்கு ஜெபிக்கிற கை!” என்று அப்பாவின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். சனம் கைதட்டியது. அப்பா கூனிக் குறுகி நின்றார். நான் மைக்கோடு இரண்டடி தள்ளி நின்றேன். அறிமுக இசை தொடங்கியது.

டிரம்ஸ் மட்டும் தொடங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். நிரோஷா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வாசித்தாள். மறுநாள் வீட்டுக்கு வந்தாள்.

“நீ ஒங்கப்பாகிட்ட உண்மையச் சொல்லு. இல்லாட்டி நான் போறேன். இதுக்கு மேல என்னால வாசிக்க ஏலாது.”

“கொஞ்சம் பொறுடி. நேரம் பார்த்துச் சொல்றேன்.”

அவள் பொறுக்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. காட்டிக்கொடுத்தால் தன் கதையையும் சொல்ல வேண்டிவரும் அல்லவா? அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு மாதத்துக்குள் வேறொரு டிரம்மர் கிடைத்தான்.

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. மகள் பிறந்தாள். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. போன மாதம் அவள் ‘தாத்தா’ என்று ஓடிப்போய்த் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். அப்பா பின்வாங்கினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “அம்மாகிட்ட போ சாமி” என்றார்.

அவள் பிறந்ததிலிருந்து அவர் அவளைத் தூக்கியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனப்பா என்று கேட்டேன்.

“வேணாம் புள்ள. என் கைய நானே நம்பல.”

மறுநாள் காலையில் சொன்னேன். அப்பா பின்வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் என்னை அடிக்கவே இல்லை, ஒருநாளும் இல்லை, அது நிரோஷாவின் கதை, நான் பொய் சொன்னேன் என்று, ஒன்றுவிடாமல்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

“நீ நல்ல புள்ள. மன்னிச்சது போதாதுன்னு, நடக்கவே இல்லன்னும் சொல்ல வந்திருக்க.”

“சத்தியமா அப்பா. ஆண்டவர் மேல ஆணையா.”

“ஆணை வைக்காதம்மா. எனக்கே ஞாபகம் வந்துருச்சி. நீ கதவு மூலையில நின்னு அழுத. நீலக் கவுன் போட்டிருந்த.”

நீலக் கவுன் இருந்தது. கதவு மூலையில் நின்று அழுததும் உண்மை. அது அம்மா குவைத்துக்குப் போன நாள். அன்று அவரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதையும் சொன்னேன்.

“இருக்கும். அன்னைக்கும் அழுதிருப்ப” என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தார்.

அம்மாவிடம் சொன்னேன். வயதான காலத்தில் அவர்மேல் இரக்கப்பட்டு நான் இப்படிச் சொல்வதாக அவள் நினைத்தாள். பாஸ்டரிடம் சொன்னேன். “இப்ப இதச் சொன்னா எத்தன பேரு இடறி விழுவாங்கன்னு யோசிச்சியாம்மா? சாட்சிய நிறுத்திக்க. பாட்டு மட்டும் பாடு” என்றார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை எதிர்பார்த்துத்தான் அவரிடம் போனேன் போலிருக்கிறது.

அப்படித்தான் இரண்டு வாரத்துக்கு முன் இரத்தினபுரியில் சாட்சி சொல்லாமல் பாடினேன். நேர்மையாகிவிட்டேன் என்றுகூட ஒரு நினைப்பு. கூட்டம் முடிந்து, வேனுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை எனக்காகக் காத்திருந்தாள். பதினெட்டு வயது இருக்கும். பச்சை சல்வார். தோளில் துணிகள் அடைத்த ஒரு பள்ளிக்கூடப் பை.

“அக்கா, வீட்ட விட்டு வந்துட்டேன். அப்பா அடிக்கிறாரு” என்றாள். “ஒங்க அப்பா இப்ப மாறிட்டாருதானே? வீடியோவுல பாத்தேன். எங்கப்பாவும் அப்பிடி மாறுவாராக்கா?”

எனக்குப் பின்னால் சனம் நின்றது. பாஸ்டரின் மனைவி நின்றாள். உண்மையைச் சொல்ல இதைவிட அவசியமான ஒரு நேரம் எனக்கு வரப்போவதில்லை.

“மாறுவாரு” என்றேன். “ஜெபம் பண்ணு தங்கச்சி.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப நான் வீட்டுக்கே போறேன்கா” என்றாள். ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறினாள். பெயரைக் கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

இரண்டு வாரமாகத் தேடுகிறேன். இரத்தினபுரிப் பக்கத்துச் சபைகள் எல்லாவற்றிலும் விசாரித்தாயிற்று. யாருக்கும் தெரியவில்லை. இதை எழுதுவது என் மனபாரம் இறங்குவதற்காக அல்ல; அது இறங்கப்போவதில்லை. அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்திருக்கலாம். அவள் உங்கள் லயத்துப் பிள்ளையாக இருக்கலாம். அவளைத் தெரிந்தால் தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள்... எஸ்தர் அக்காவின் அப்பா மாறவில்லை, மாற வேண்டிய எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவரை உதாரணமாக நம்பி, தன் அப்பாவும் மாறுவார் என்று அந்த வீட்டில் அவள் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம்.